ஜன்னல் இல்லாத கார் ஷெட்டில் தையல் மெஷின்: காட்பாடி வெயிலில் ஒரு நிகழ்வு ஆய்வு

இடமும் ஆளும்

வேலூரை ஒட்டிய காட்பாடியில் ஒரு தனி வீடு. வீட்டுச் சுவருக்கும் மதிலுக்கும் நடுவில் கிடந்த சந்துப் பகுதியை மூடி எழுப்பிய கார் ஷெட். நீளம் 20 அடி, அகலம் 10 அடி. முன்பக்கம் மேற்கு, அங்கே 8 அடி அகலத்தில் சாம்பல் நிற ரோலிங் ஷட்டர். ஒரு பக்கம் வீட்டு ஹாலின் சுவர், மறுபக்கம் பக்கத்து வீட்டை ஒட்டிய சுவர், பின்னால் குளியலறை. ஜன்னல் ஒன்றுகூடக் கிடையாது. மேலே இரும்புக் குழாய்ச் சட்டத்தில் கருநீலக் கலர் சீட். மழைத்தண்ணீர் தெருப்பக்கம் வடிவதற்காகப் பின்னால் 11 அடி, முன்னால் 9 அடி உயரம்.

காரை விற்றுவிட்டார்கள். இப்போது அது அந்த வீட்டு அக்காவின் தையல் கூடம். இரண்டு மெஷின், ஒரு ஓவர்லாக், வெட்டும் மேசை, இஸ்திரிப் பெட்டி, உதவிக்கு ஒரு பெண். சித்திரை பிறந்துவிட்டால் பகல் பதினொன்றுக்கு மேல் உள்ளே உட்கார முடியாது. ஜாக்கெட் ஆர்டர் குவிவதோ வைகாசி முகூர்த்தங்களுக்கு. சங்கடம் அதுதான்: வேலை மிகுந்த மாதமும் வெயில் மிகுந்த மாதமும் ஒன்று.

நான் பார்க்கப் போவதற்கு முன்பே வீட்டுக்காரர் இரண்டு காரியம் செய்திருந்தார். முதலில் சீலிங் ஃபேன். "ஃபேன் போட்டா அனல்தான் தம்பி அடிக்குது" என்றார் அக்கா. அடுத்து, ஷட்டருக்கு மேலே சுவரில் 12 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன். அதிலும் பெரிய மாற்றமில்லை. மூன்றாவதாக ஒரு டன் ஏசி வாங்கும் யோசனையில் இருந்தார். வாங்கியிருந்தால் அதுவும் மூச்சுத் திணறியிருக்கும். காரணத்தைக் கணக்கோடு பார்க்கலாம்.

சூடு எந்த வழியாக வருகிறது

இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்று இந்த மாதிரி இடங்களுக்குப் போதும். கொரோனா காலத்தில் வாசலில் நின்று நெற்றியில் நீட்டினார்களே, அது உதவாது. உடல் சூட்டைத் தாண்டினால் அதற்குக் காட்டத் தெரியாது. பட்டறையில் பயன்படுத்தும் வகை வேண்டும். இன்னொரு எச்சரிக்கை: பளபளக்கும் தகரத்தின் மேல் அதை நீட்டினால் பொய் சொல்லும். பளபளப்பான உலோகம் தன் சூட்டைக் குறைவாகவே கதிராக வெளிவிடும், எதிரில் இருப்பதன் சூட்டைப் பிரதிபலிக்கும். கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒரு துண்டு ஒட்டி, அதன் மேல் அளக்க வேண்டும். பெயின்ட் அடித்த பரப்புக்கு இந்தத் தொல்லை இல்லை.

பிற்பகல் இரண்டரை மணி. வெளியே நிழலில் சுமார் 40 டிகிரி. உள்ளே தலை உயரத்தில் காற்று 44-ஐ ஒட்டி. சுவர்கள் 38 அளவில், சிமெண்ட் தரை அதற்கும் கீழே. சீட்டின் அடிப்பரப்பு மட்டும் 65-ஐத் தொட்டுக்கொண்டிருந்தது. நான்கு மணிக்கு மேல் ஷட்டரும் அதனுடன் போட்டிக்கு வந்தது.

ஏப்ரல் கடைசியில் வேலூருக்கு நண்பகல் சூரியன் ஏறத்தாழ நேர் உச்சியில் நிற்கும். கத்திரி வெயில் காலத்தில் அது உச்சியிலிருந்து சற்றே வடக்கே தள்ளியிருக்கும், அவ்வளவுதான். அந்த நேரத்தில் கூரையின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் சுமார் 900 வாட் வெயில் விழும். கருநீலச் சீட் அதில் முக்கால் பங்குக்கு மேல் விழுங்கிவிடும். விழுங்கியதில் பெரும்பகுதியை மேலே காற்றுக்கும் வானத்துக்கும் திருப்பிக் கொடுத்துவிடும். மிச்சம் கீழே இறங்கும்.

அந்த மிச்சம் எவ்வளவு? சீட் 65, அறை 40 என்றால் வித்தியாசம் 25 டிகிரி. சூடான கூரையிலிருந்து கீழ்நோக்கி வரும் வெப்பம், டிகிரிக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 6 அல்லது 7 வாட். அதில் பெரும்பகுதி கதிர்வீச்சு. 200 சதுர அடி என்பது 18.6 சதுர மீட்டர். பெருக்கிப் பார்த்தால் ஏறத்தாழ 3 கிலோவாட். அந்த அறையில் 1000 வாட் இஸ்திரிப் பெட்டி ஒன்று ஏற்கெனவே இருந்தது. கூரையில் இன்னும் மூன்றைக் கவிழ்த்துவைத்து, பகல் முழுக்க அணைக்காமல் விட்ட கதை இது.

இப்போது ஏசிக்கு வருவோம். ஒரு டன் ஏசி வெளியே தள்ளக்கூடிய வெப்பம் 3.5 கிலோவாட். கூரை மட்டுமே 3 கிலோவாட் இறக்குகிறது. மேற்கு வெயில் பட்ட ஷட்டர் மாலையில் இன்னொரு 700 வாட் தரும். ஆள் ஒன்றுக்கு 100 வாட். மெஷின் மோட்டார், லைட், இஸ்திரி எல்லாம் சேர்ந்தால் ஏசி நாள் முழுக்க ஓடியும் தோற்கும். "அப்ப ஒன்றரை டன் போட்டுடலாமா?" என்று கேட்டார் வீட்டுக்காரர். கூரையைத் தொடாமல் ஏசியைப் பெரிதாக்குவது சூரியனோடு மாதாமாதம் மின்கட்டணப் போட்டி போடுவது.

அறையில் தெர்மாமீட்டர் மட்டும் தொங்கவிட்டிருப்பவர்களுக்கு இன்னொன்று புரியாது. காற்று அதிகம் அசையாத இடத்தில் நம் உடம்பு உணரும் சூட்டில் ஏறக்குறைய பாதி, சுற்றியுள்ள பரப்புகளின் கதிர்வீச்சிலிருந்து வருகிறது. தலைக்கு மேலே நாலைந்து அடியில் 65 டிகிரிச் சீட் இருந்தால், காற்று 40 என்று முள் காட்டினாலும் உச்சந்தலை வேகும். அக்கா பகலில் தலையில் ஈரத்துண்டு போட்டுக்கொண்டு தைத்ததன் காரணம் அதுதான்.

எக்ஸாஸ்ட் ஃபேன் ஏன் உதவவில்லை

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மூடிய ஷெட் என்றதும் எல்லோரும் முதலில் வாங்குவது இதைத்தான்.

ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி அறை முழுக்க நடந்து பார்த்தேன். ஷட்டர் பக்கம் புகை விறுவிறுவென்று ஃபேனை நோக்கி ஓடியது. நடு அறையில் தயங்கியது. மெஷின் இருந்த பின்பாதியில் நேராக மேலே போய், சீட்டின் அடியில் படர்ந்து நின்றுவிட்டது. ஃபேன் ஷட்டருக்கு மேலே. காற்று நுழைவது ஷட்டரின் இடுக்குகள் வழியே. உள்ளே வந்த காற்று நாலடி ஏறி அப்படியே வெளியே போகிறது. ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, அறையின் பின்பாதிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

ஷட்டரை முழுவதும் இறக்கிவிட்டால் நிலைமை இன்னும் மோசம். காற்றை வெளியே தள்ளும் ஃபேனுக்கு அதே அளவு காற்று உள்ளே வர வழி வேண்டும். வழி இல்லையென்றால் இறக்கை சுற்றும், சத்தம் வரும், காற்று நகராது. உள்வரும் திறப்பு ஃபேனின் வட்டத்தைப் போல ஒன்றரை, இரண்டு மடங்காவது இருப்பது நல்லது.

சரி, ஃபேன் ஒழுங்காக மணிக்கு 1000 கன மீட்டர் காற்றை மாற்றுகிறது என்றே வைத்துக்கொள்வோம். அந்தக் காற்று வெளியைவிட ஒரு டிகிரி சூடாக வெளியேறினால் சுமார் 330 வாட்டைத் தூக்கிச் செல்லும். கூரையின் 3 கிலோவாட் அத்தனையும் காற்றில் சேர்ந்தால், அதை வெளியேற்ற அறை வெளியைவிட 9 டிகிரி சூடாக இருந்தாக வேண்டும். நடைமுறையில் சுவரும் தரையும் ஒரு பங்கை உறிஞ்சிக்கொள்வதால் வித்தியாசம் குறைகிறது. ஆனால் உறிஞ்சியதை அவை இரவில் திருப்பித் தரும். ஆகவே கூரை வெந்துகொண்டிருக்கும் வரை ஃபேனுக்கு வேலை தீராது.

செய்ததும் செய்த வரிசையும்

முதல் வேலை கூரையின் மேல்பக்கம். சீட்டைக் கழுவி, துருப்பட்ட திருகு முனைகளைத் தேய்த்து, பிரைமர் பூசி, வெயிலைத் திருப்பும் வெள்ளை அக்ரிலிக் பெயின்ட் இரண்டு கோட். மாடிக்கு அடிப்பதுபோலச் சுண்ணாம்பு அடித்துவிடலாமே என்று மேஸ்திரி சொன்னார். கான்கிரீட் தளத்துக்குச் சுண்ணாம்பு அருமையான மருந்து, செலவும் சொற்பம். தகரத்தில் அது பிடிக்காது. பகலில் விரிந்து இரவில் சுருங்கும் சீட்டில் ஒரு மழைக்குள் உரிந்துவிடும்.

வெள்ளை அடித்த பிறகு அதே மாதிரி வெயிலில் சீட்டின் அடிப்பரப்பு 45-ஐ ஒட்டி நின்றது. முன்பு 25 டிகிரியாக இருந்த வித்தியாசம் 5 ஆனது. உள்ளே இறங்கும் வெப்பம் 3 கிலோவாட்டிலிருந்து 600 வாட் அளவுக்கு வந்துவிட்டது. மின்சாரம் இல்லாமல், சத்தம் இல்லாமல், முக்கால் டன் ஏசி செய்யும் வேலை. மற்ற எல்லா வேலையையும் சேர்த்தாலும் இதற்குக் கிட்டே வராது என்பது என் கணிப்பு. 2023-ல் தெலங்கானா அரசு கூரைகளைக் குளிர்விப்பதற்கென்றே தனிக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. ஒரு மாநிலமே சட்டம் திட்டம் என்று இறங்கும் அளவுக்கு வெள்ளைக் கூரையில் விஷயம் இருக்கிறது.

வேறு வழிகளும் பேசப்பட்டன. சீட்டின் மேல் தென்னங்கீற்று வேய்வது நம் ஊரில் பழைய பழக்கம், நன்றாகவே வேலை செய்யும். கீற்றுக்கும் சீட்டுக்கும் நடுவில் காற்று ஓடினால் இன்னும் சிறப்பு. ஆனால் எலி வரும், வருஷத்துக்கொரு முறை மாற்ற வேண்டும், தீபாவளி ராக்கெட் ஒன்று போதும். பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டிய இடத்தில் எனக்குத் துணிவில்லை. சாக்கு விரித்துத் தண்ணீர் தெளிப்பதும் பலன் தரும். ஒரு லிட்டர் நீர் ஆவியாக 2.4 மெகாஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். உச்சி வெயிலில் இந்தக் கூரைக்கு மணிக்கு 20 லிட்டர் அளவில் கேட்கும். லாரித் தண்ணீரை எதிர்பார்த்து நிற்கும் மே மாதத்தில் அதை யார் கூரையில் ஊற்றுவார்கள்?

இரண்டாவது வேலை சீட்டின் கீழே. அலுமினியப் பூச்சுள்ள பபிள் ஷீட்டை (காற்றுக் குமிழ்கள் உள்ள பிளாஸ்டிக் விரிப்பை) இரும்புச் சட்டத்துக்குக் கீழே கம்பி கட்டி இழுத்துப் பிடித்தோம். சீட்டோடு ஒட்டவில்லை, இடையில் இரண்டங்குலக் காற்றிடைவெளி. அந்த இடைவெளியில்தான் விஷயமே இருக்கிறது. பளபளப்பான அலுமினியம் கதிர்வீச்சை வாங்குவதும் கொடுப்பதும் மிகக் குறைவு. ஆனால் அதற்கு முன்னால் காற்றிடைவெளி இருக்க வேண்டும். சீட்டோடு ஒட்டிவிட்டால் சூடு நேராகக் கடந்துவிடும், பளபளப்பு வீண். தெர்மாகோல் போடச் சொல்லிப் பக்கத்துக் கடைக்காரர் யோசனை கொடுத்தாராம். இஸ்திரிப் பெட்டியும் துணிக்குவியலும் உள்ள அறையில் எளிதில் தீப்பிடிக்கும் பொருளைத் தலைக்கு மேல் விரிக்கவே கூடாது.

மூன்றாவது ஷட்டர். இதற்கு உள்ளே திரை போட்டுப் பயனில்லை. வெயில் ஷட்டரைத் தொட்டு, ஷட்டர் சூடான பிறகு அந்தச் சூட்டைத் திரை உள்ளேயே பிடித்துக்கொள்ளும். நிழல் வெளியே விழ வேண்டும். இரண்டடி தள்ளிக் குழாய் நட்டு, பச்சை நிழல்வலையைச் சாய்வாக இழுத்துக் கட்டினோம். மாலைச் சூரியன் தாழ இறங்குவதால் வலையும் தாழ இறங்க வேண்டும். மேலே மட்டும் பந்தல் போட்டால் நான்கு மணிக்குமேல் வெயில் அடியில் புகுந்துவிடும். கூடவே ஷட்டரின் கீழ்ப் பட்டைகளில் ஒன்றிரண்டு அடியை எடுத்துவிட்டு, துளையிட்ட பட்டைகள் போடச் சொன்னோம். ஷட்டரைப் பூட்டினாலும் அந்தத் துளைகள் வழியே காற்று உள்ளே வரும். கொசு வராமலிருக்க உட்புறம் வலை.

ஃபேனை எங்கே வைப்பது என்பதற்கு விடை கூரைமேல் ஏறியபோதுதான் கிடைத்தது. பின்னால் குளியலறை என்று சொன்னேன் அல்லவா, அதன் தளம் 8 அடி உயரம்தான். ஷெட்டின் பின்சுவரோ 11 அடி. ஆக மேலே மூன்றடிச் சுவர் வெளியைப் பார்த்துச் சும்மா நின்றுகொண்டிருந்தது. அதுவும் கிழக்கு நோக்கி, பிற்பகல் முழுக்க நிழலில். கீழே நின்று பார்த்தவரை யாருக்கும் அது தோன்றவில்லை. எக்ஸாஸ்டைப் பெயர்த்து அங்கே வைத்தோம், பக்கத்தில் ஒரு சிமெண்ட் ஜாலியும். இப்போது காற்று மேற்கே தரையோரம் நுழைந்து, அறையின் முழு நீளத்தையும் கடந்து, கிழக்கே உச்சியில் வெளியேறுகிறது. ஃபேன் நின்றாலும் சூடான காற்று மேலேறித் தானாகவே கொஞ்சம் போகும். இப்படி ஒரு சுவரும் கிடைக்காத ஷெட்டுகளில் கூரையின் உயரமான முனையில் காற்றில் சுழலும் உருண்டை வென்டிலேட்டர் வைக்கலாம். மின்சாரம் வேண்டாம். ஆனால் காற்றில்லாத நாளில் நல்ல எக்ஸாஸ்டில் பாதிகூட இழுக்காது, அதை நம்பி ஃபேனைக் கழற்றிவிடக் கூடாது.

நான்காவதாக, உள்ளே பிறக்கும் சூடு. பழைய ஓவர்லாக்கில் கிளட்ச் மோட்டார். தைக்காத நேரத்திலும் சுற்றிக்கொண்டே சூட்டைக் கக்கும். சர்வோ மோட்டாருக்கு மாற்றினார்கள்; மிதித்தால்தான் ஓடும், மின்கட்டணத்திலும் தெரிந்தது. இஸ்திரி வேலை விடியற்காலைக்கும் வாசல் திண்ணைக்கும் போனது. அதற்கு அக்கா லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. "தெச்ச கையோட அழுத்தி மடிக்கலைன்னா ஃபினிஷிங் வராது தம்பி." ஜாக்கெட்டின் தையல் விளிம்பை மட்டும் அப்போதைக்கப்போது அழுத்த, மேசையில் ஒரு சின்னப் பெட்டி தங்கிவிட்டது.

கிடைத்ததும் கிடைக்காததும்

வெளியே 40 இருக்கும் பிற்பகலில் உள்ளே இப்போது 41-ஐ ஒட்டி நிற்கிறது. எண்ணில் பார்த்தால் மூன்று டிகிரி லாபம், இதற்கா இத்தனை பாடு என்று தோன்றும். தலைக்கு மேல் இருந்த அடுப்பு அணைந்தது அந்த எண்ணில் வராது. ஈரத்துண்டு போய்விட்டது.

ஆனால் காற்றோட்டத்தால் வெளிக்காற்றைவிடக் கீழே இறங்க முடியாது. வெளியே 41, 42 என்று போகும் நாட்களில் உள்ளேயும் அதுதான். 40 டிகிரிக்கு மேல் போனால் மின்விசிறிக் காற்று உடம்பைக் குளிர்விப்பதற்குப் பதில் சூடாக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. அந்த நேரங்களுக்கு ஏர் கூலர் வைத்தார்கள். வேலூர்ப் பக்கத்து வறண்ட பிற்பகலில் இது எடுபடும்: 40 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் வெப்பநிலை (நீரை ஆவியாக்கிக் காற்றைக் குளிர்விக்கக்கூடிய கீழ் எல்லை) 26 அளவில் இருக்கும், நல்ல கூலர் 30 டிகிரிக் காற்றைத் தரும். சென்னையில் 36 டிகிரி, 60 சதவீத ஈரம் என்றால் ஈரக்குமிழே 29-க்கு மேல். அங்கே கூலர் காசு கொடுத்து வாங்கும் புழுக்கம். வேலூரிலும் ஒரு நிபந்தனை உண்டு. கூலர் வெளிக்காற்றை இழுக்கும்படி ஷட்டர் பக்கம் இருக்க வேண்டும், பின்னால் எக்ஸாஸ்ட் ஓட வேண்டும். மூடிய அறையின் நடுவில் வைத்தால் அதே ஈரக்காற்றையே மறுபடி மறுபடி நனைத்து, அரை மணியில் புழுங்கும். ஊசியும் கத்திரியும் துருப்பிடிக்கும்.

திறப்பதும் மூடுவதும் பழக்கத்துக்கு வரத்தான் நாளானது. உள்ளே ஒரு தெர்மாமீட்டர், வெளியே நிழலில் ஒன்று. உள்ளே சூடு அதிகமென்றால் ஃபேனைப் போடு. வெளியே அதிகமென்றால், கூலர் ஓடாத நேரத்தில் நிறுத்து. இரவு முழுக்க எக்ஸாஸ்ட் ஓட வேண்டும், ஏனென்றால் 9 அங்குலச் செங்கல் சுவர் பகலில் குடித்த சூட்டை அப்போதுதான் வெளியே விடுகிறது. காலையில் சுவர் குளிர்ந்திருக்கும்போது அந்தக் குளிர்ச்சியைக் காப்பாற்ற, ஒன்பது மணி வாக்கில் ஃபேனை நிறுத்தி ஷட்டரைத் தாழ்த்த வேண்டும். வீட்டில் இதற்கு எதிர்ப்பு. வெயிலில் போய் யாராவது மூடிவைப்பார்களா என்று. இரண்டு முள்ளையும் காட்டித்தான் சம்மதிக்கவைக்க முடிந்தது.

மாலை நான்கிலிருந்து ஆறு வரை இன்னும் கஷ்டம்தான். மேற்கு முகம் அப்படி. அந்த இரண்டு மணி நேரம் அக்கா பின்பாதியில் பட்டன் கட்டும் வேலையோடு உட்கார்ந்துவிடுகிறார்.

கார் நிற்கும் ஷெட் என்றால்

மேலே சொன்னதெல்லாம் பொருந்தும், கூடுதலாக இரண்டு மூன்று விஷயங்கள். ஓடிவந்த காரின் எஞ்சின் ஆறும்போது வெளிவிடும் வெப்பம் ஒன்றரை யூனிட் அளவுக்கு இருக்கும். வந்ததும் உள்ளே விட்டு ஷட்டரை இழுத்துவிடாமல், வெளியே நிழலில் கொஞ்சம் ஆறவிட்டு உள்ளே எடுத்தால் அவ்வளவும் மிச்சம். ஜன்னல் இல்லாத இடத்தில் எஞ்சினை ஓடவிட்டு ஏசியால் காரைக் குளிர்விப்பது உயிருக்கு ஆபத்து. புகையில் வரும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. வீட்டுக்குள் கதவு திறக்கும் ஷெட் என்றால் அந்தக் கதவின் இடுக்குகளை அடைத்துவிட வேண்டும்.

இன்வெர்ட்டர் பேட்டரி உள்ளே இருந்தால் சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளியாகும்; மேலே திறப்பு கட்டாயம். மின் ஸ்கூட்டரை பிற்பகல் சூட்டில் சார்ஜ் போடாமல் இரவில் போடுவது பேட்டரிக்கு நல்லது. தின்னர், பெயின்ட் டின்களை மே மாதத்தில் அங்கே அடுக்கி வைக்கவே வேண்டாம்.

சீட் கூரைக்குப் பதில் கான்கிரீட் தளம் இருப்பவர்களுக்குக் கணக்கு மாறும். ஐந்தங்குலத் தளம் சூட்டை வாங்கி, சில மணி நேரம் வைத்திருந்து, மாலையில் இறக்கும். பகலில் பரவாயில்லை, இரவில்தான் வேகிறது என்பார்கள். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்ட பழைய காரையும் அதன் மேல் தட்டோடும் இருந்தால் பாதிப் பிரச்சினை ஏற்கெனவே தீர்ந்தது. இல்லையென்றால் சுண்ணாம்போ வெள்ளை பெயின்ட்டோ அடிக்கலாம். எதை அடித்தாலும் தூசி படியப் படியப் பலன் குறையும்; பங்குனியில் ஒரு முறை தேய்த்துக் கழுவிவிட வேண்டும். துணி காயப்போட மாடிக்குப் போகிறவர்கள் கண் கூசுகிறது என்று குறைசொல்வது உண்மைதான். கொடிக்கயிறு வரை நடக்கும் பாதையை மட்டும் இரண்டடி அகலத்துக்கு அடிக்காமல் விட்டுவிடலாம், கணக்கில் பெரிதாக ஒன்றும் குறையாது.